பனைவிளை பஜார் வயருக்குள் போய்வந்த திங்கட்கிழமை

பனைவிளை என்று ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரே ஒரு பஜார் தெரு, அந்தத் தெருவின் தலைமாட்டில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத், அந்தப் பூத்துக்குள் இடது கால் சூம்பிப்போன, அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்த ரோஸ்மலர். ஊரில் மொத்தம் அறுபத்திரண்டு போன்தான் இருந்தது. மீதி அத்தனை பேரும் பி.பி. பி.பி. என்றால் பக்கத்து வீட்டு போன். கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் தன் பெயருக்கு நேரே அடுத்த வீட்டுக்காரரின் நம்பரைப் போட்டு, முன்னால் பி.பி. என்று இரண்டெழுத்து எழுதிவிட்டால் அந்த போன் தனக்கும் பாதி சொந்தம் என்று பனைவிளையில் எல்லோரும் நம்பினார்கள், போன் வீட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே நம்பினார்கள்.

பம்பாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கடல் கடந்த ஊர்களிலிருந்தும் நம்பர் தெரியாமல் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ரோஸ்மலரின் பூத்துதான். "மலர் பூத், யாரு வேணும்?" என்பாள். பேரைச் சொன்னதும், "அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க, ஆளக் கூட்டியாரச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டு, அந்த ஆளுக்கு யார் வீடு பி.பி. என்று பார்த்து அங்கே மணியடிப்பாள். போன் வந்தவர்கள் ஓடி வரமாட்டார்கள். தலைவாரி, பவுடர் போட்டு, சட்டையோ சேலையோ மாற்றிக்கொண்டு பஜாரின் நட்டநடுவில் மெதுவாக நடந்து வருவார்கள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால்தான் அந்த நடைக்கு மரியாதை. "போன் வந்திருக்காம்" என்று சலித்துக்கொள்வது போலச் சொல்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ராகம் இருந்தது. பதினொரு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்மலருக்கு, ஊரில் ஒருத்தர் விடாமல் நடக்க வைப்பது இந்த நடக்கமுடியாதவள்தான் என்று மனசுக்குள் பெரிய கர்வம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

பேர்களையும் பி.பி. வீடுகளையும் அவள் முதலில் நோட்டில்தான் எழுதி வைத்திருந்தாள். ஒரு ஐப்பசி மழையில் பூத்துக்குள் தண்ணீர் ஏறி நோட்டு கூழாகிப்போனது. தம்மாமில் கான்கிரீட் வேலை பார்க்கிற செய்யது மைதீன், வெள்ளிக்கிழமைதோறும் தன்னை மனைவி முத்து பாத்திமாவோடு பேச வைக்கிற நன்றிக்கு, அடுத்த லீவில் வரும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் டைரி கொண்டுவந்து கொடுத்தான். கடுகு கடுகாகப் பித்தான்கள், பச்சைத் திரை, மூடினால் சிகரெட் பெட்டி அளவு. ஐந்நூறு பேர் அதில் கொள்ளும். ரோஸ்மலர் இரண்டு மாதம் ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஐந்நூறாவது பேரையும் ஏற்றினாள். இனி இடமில்லை என்று டைரி சொன்னபோது, வீடு கட்டி முடித்தவள் போலப் பெருமூச்சு விட்டாள்.

அப்படிப்பட்ட டைரியின் மூலையில் ஒரு சனிக்கிழமை காலி பேட்டரிப் படம் வந்துவிட்டது. பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி. திருநெல்வேலி வரை ஆள்விட்டுக் கேட்டாள், அந்த அளவு இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பேட்டரி செத்தால் ஐந்நூறு பேரும் போச்சு. பேர்கள் இருக்கும்வரை அவள் மலர் பூத்து ரோஸ்மலர். பேர்கள் போய்விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் கால் சூம்பி உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளை, போகிற வருகிறவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் 'பாவம்' அவளுக்கு ஆகவே ஆகாது.

"எக்கா, டைரி வந்த டப்பாலயே ஒரு வயரும் பிளாப்பியும் கெடந்துச்சே? கம்ப்யூட்டர்ல சொருகுனா பேரெல்லாம் அதுக்குள்ள போயிரும்னு அவிய சொன்னாவளே, அத என்ன செஞ்சிய?" என்று கேட்டாள் முத்து பாத்திமா.

பிளாப்பி டப்பாவிலேயே இருந்தது. வயரை ரோஸ்மலர் பூத்துக்குள் கொடியாகக் கட்டி இரண்டு வருஷமாகக் கைக்குட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் கம்ப்யூட்டர் முத்துவிநாயகத்திடம் மட்டும்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிற டி.டி.பி. சென்டர், ஏ.சி. போட்ட ஒற்றை அறை, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் 'செருப்புகளை வெளியே விடவும்'. திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிந்ததும் ரோஸ்மலர் மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கம்பி வைத்த பூட்ஸோடு முழங்காலில் கை ஊன்றி உள்ளே வந்தாள்.

"எக்கா, பூட்ஸு..." என்று இழுத்தான் முத்துவிநாயகம்.

"கழட்டுதேன். நீ என்னத் தூக்கிட்டுப் போயி நாற்காலில வையி. தெம்பு இருக்கா?"

பூட்ஸ் உள்ளே வந்தது. முத்துவிநாயகம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து தூசியைத் துடைத்து, ஒன்பது ஊசி கொண்ட அந்த வயருக்கு இடம் தேடினான்; அந்த இடத்தில் மௌஸ் உட்கார்ந்திருந்ததால் மௌஸைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வயரைச் சொருகி, பொடி ஸ்குரூவைக் கட்டைவிரல் நகத்தால் திருகினான். மறு முனையை டைரியின் விலாவில் ரோஸ்மலரே சொருகினாள். பிளாப்பி கிரீச்சென்று ஓடியது. கம்ப்யூட்டரில் 'வாங்கு', டைரியில் 'அனுப்பு'. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லி அமுக்கினார்கள்.

அந்த நிமிஷம், பழக்கடைத் தராசில் மாதுளம்பழம் நிறுத்துக்கொண்டிருந்த ஆபிரகாம், கையில் பழத்தோடு அப்படியே மறைந்துபோனார். தராசுத் தட்டு ஒருபக்கம் தாழ்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் கழித்து அதே இடத்தில், நெற்றி வியர்வை காய்ந்து, தலைமுடி வலப்பக்கம் வகிடெடுத்து வாரியபடி, புது பிளாஸ்டிக் வாளியின் வாசத்தோடு வந்து நின்று, கையிலிருந்த பழத்தைத் தட்டில் வைத்தார். பழம் வாங்க வந்த பெண், "எடை கொறையுதே அண்ணாச்சி" என்றாள். அவர் இன்னொரு பழம் வைத்தார்.

கம்ப்யூட்டர் திரையில் ஆபிரகாம் என்று முதல் வரி வந்து நின்றது.

அடுத்த பேர் பூக்கட்டுகிற ஆறுமுகத்தாயி. டைரி அவள் பேரைக் காட்டியபடி நின்றது, நகரவில்லை. முத்துவிநாயகம் வயரை ஆட்டிப் பார்த்தான், பிளாப்பியைத் தட்டிப் பார்த்தான். ரோஸ்மலர் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அவ பி.பி.லா. மெடிக்கல் ஸ்டோர் போனு. போன் வீட்டுக்காரங்க இல்லாம அவ மட்டும் எப்பிடிப் போவா?"

முத்துவிநாயகத்தின் போனிலிருந்தே மெடிக்கல் ஸ்டோருக்கு மணியடித்து, "அண்ணாச்சி, நம்ம ஆறுமுகத்தாயி கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக ரோஸ்மலர் போன் பண்ணி யாரையாவது கூட்டிவரச் சொல்வதும் அவர் போவதும் வழக்கம்தானே. கடையைவிட்டு இறங்கி, பூக்காரியின் கையைப் பிடித்தார், இருவரும் காணாமல்போய், இருவரும் வகிடெடுத்து வந்தார்கள். ஆறுமுகத்தாயி கட்டிய முழத்தை எண்ணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பேர் வயருக்குள் போகும்போது ஆளும் கூடவே போய்வருகிற விஷயம் பத்து மணிக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது, புரிந்த மறுநிமிஷமே பழகியும்விட்டது. எம் பேரு எப்ப வரும் என்று முத்துவிநாயகத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். ஆங்கில எழுத்து வரிசை என்றதும், எழுத்து தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அவரவர் முறையைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டுப் போகலாமா, போய்விட்டு வந்து இறக்கலாமா என்று பெண்கள் யோசித்தார்கள். சவரக்கடைக்காரர் பாதி முகத்தோடு இருந்தவரை அப்படியே அனுப்ப மனசில்லாமல் மீதி முகத்தை மழித்துக் கொடுத்தார். யேசுவடியாள் டீச்சர், எல்லாக் காரியத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவர், தன் பேர் கடைசி என்று கேள்விப்பட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. பொறுப்பான மனுஷனான லைன்மேன் குருசாமி, தான் போகிறவரைக்கும் மட்டுமல்ல, கடைசி ஆள் போய் வருகிறவரைக்கும் ஊரில் கரண்டு போகாது என்று வாக்குக் கொடுத்தார், பனைவிளை சரித்திரத்தில் அப்படி ஒரு வாக்கு அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை.

போய் வந்தவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உள்ளே எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பச்சை வெளிச்சம், குளுகுளு என்று தரை, தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு, ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள். நாற்காலி கிடையாது, எல்லோரும் நிற்க வேண்டும், எல்லாக் கட்டமும் ஒரே அளவு. மூட்டை தூக்குகிற இசக்கி இதைச் சொல்லும்போது நெஞ்சு ஒரு சாண் விரிந்திருந்தது. ரைஸ் மில் ஜெயசீலனுக்கு மில், வீடு, குடோன், தோட்ட வீடு என்று டைரியில் நாலு இடம் இருந்ததால் அவர் நாலு தடவை போனார், நாலு தடவைக்கும் நாலு சட்டை மாற்றிக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"நாலு தடவையும் அதே அளவு கட்டந்தாம்வே. பக்கத்துல பாத்தா இசக்கி நிக்கான்" என்றார்.

பதினொன்றரை மணிக்கு டைரி சைக்கிள் கடை லிங்கதுரையின் பேரில் வந்து நின்றது. இந்த இடம் வரும் என்று ரோஸ்மலருக்குக் காலையிலிருந்தே தெரியும். லிங்கதுரைக்கு பி.பி., தெருவின் கால்மாட்டில் கடைசி வீடு, சண்முகவடிவு வீடு. இரண்டு பேரும் பேசி ஒன்பது வருஷமாகிறது. லிங்கதுரையின் மூத்த மகளைக் கேட்டு சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்த அன்று, சண்முகவடிவின் அடுப்பில் உலை பொங்கிக்கொண்டிருந்தது; "பெறகு பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். அவர்கள் பிறகு பண்ணவே இல்லை, வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அந்த மகள் அப்புறம் கோயம்புத்தூரில் நன்றாக வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறாள் என்றாலும், கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்காக பி.பி. முறை விட்டுப்போகவில்லை. லிங்கதுரைக்கு போன் வந்தால் சண்முகவடிவு காம்பவுண்ட் சுவர்மேல் ஒரு எவர்சில்வர் செம்பைக் கவிழ்த்து வைப்பாள். அவர் கடையிலிருந்தே செம்பைப் பார்த்துவிட்டு வருவார். ரிசீவர் ஜன்னல் கட்டையில் கிடக்கும். பேசிவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார், ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது.

டைரிக்கு ஒரு பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போகிற வழக்கம் கிடையாது. லிங்கதுரை போகாவிட்டால் அவருக்குப் பின்னால் இருநூற்று எழுபது பேர் போகமுடியாது. பேட்டரிப் படம் விட்டு விட்டு மின்னியது, எழுத்துகள் பழைய சாயச் சேலை மாதிரி வெளுக்கத் தொடங்கின.

ரோஸ்மலர் ஆள்விட்டுக் கேட்டாள். "அந்த வீட்டுல நான் கால் வைக்கது போனுக்கு மட்டுந்தான். அவ கையெல்லாம் பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார் லிங்கதுரை. சண்முகவடிவுக்கு மணியடித்தாள். "நான் மாட்டேன் மலரு. ஒம்பது வருசமா செம்பு கவுத்துதேன், ஒருநாளாச்சும் வாயத் தொறந்து ஒரு 'சரி' சொல்லியிருப்பாரா?" என்றாள் அவள். ரோஸ்மலருக்குக் கோபம் வந்தது. ரெண்டு பேருக்குமாக என் ஐந்நூறு பேரை இழப்பேனா என்று பல்லைக் கடித்தாள். பிறகு குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு சொன்னாள்.

"சரி வடிவு, கையெல்லாம் பிடிக்க வேண்டாம். சொவத்துல செம்பக் கவுத்து வையி. அவருக்குப் போன் வந்திருக்கு."

"யாரு?"

"நாந்தான்."

செம்பு கவிழ்ந்தது. லிங்கதுரை பார்த்தார், கையைக் கிரீஸ் துணியில் துடைத்துவிட்டு வந்தார். போன் வந்துவிட்டால் போகாமல் இருக்க பனைவிளையில் ஒருவருக்கும் தெரியாது. ஜன்னல் கட்டையில் கிடந்த ரிசீவரை எடுத்து, "அலோ" என்றார்.

"அண்ணாச்சி, வைக்காதிய. ரிசீவரோட மேல்பாதிய நீங்க பிடிங்க. கீழ்ப்பாதிய வடிவு பிடிக்கட்டும். கைமேல கை படாது, நான் பொறுப்பு."

"ஏ... அவள வந்து பிடிக்கச் சொல்லு" என்றார் லிங்கதுரை, நேரே எதிரில் நின்றவளைப் பார்க்காமல். ஜன்னலின் உள்ளேயிருந்து ஒரு கையும் வெளியேயிருந்து ஒரு கையும் ஒரே ரிசீவரைப் பிடித்தன. ரோஸ்மலரின் காதில் இணைப்பு வெறுமையானது.

எல்லோருக்கும் அரை நிமிஷம். அவர்கள் இருவருக்கும் பதினோரு நிமிஷம் ஆனது. ரோஸ்மலர் டைரியை நெஞ்சோடு அணைத்து அதற்குச் சூடு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராவது நிமிஷம் தெருவின் கால்மாட்டிலிருந்து சத்தம் கேட்டது.

"ஒல பொங்குனா அடுப்ப அமத்திட்டு வந்து பேசணும்!"

"அமத்திட்டு வந்துட்டு? பட்டினி கெடக்கவா? ஒங்க வீட்டுல சோறு போட்டிருப்பியளா?"

"கேட்டாப் போட்டிருப்போம்லா! நீ கேட்டியா?"

கடைகளிலிருந்து இறங்கி வந்து ஜனங்கள் நின்று கேட்டார்கள். ஒன்பது வருஷம் சேர்த்து வைத்த சண்டை, ஆற அமரக் கேட்க வேண்டிய சண்டை. ஆனால் யாருக்கும் நேரமில்லை, அடுத்தடுத்துப் பேர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

மத்தியானத்துக்குப் பிறகு போய்வந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். டெய்லர் ராஜமணிதான் முதலில் சொன்னார், தன் கட்டத்துக்கு அடுத்த கட்டம் காலியாகக் கிடந்தது என்று. ருக்மணி டீச்சர் போய் வந்து, தனக்கு முந்தின கட்டம் காலி என்றார். அங்கே யாரோ இப்போதுதான் பெருக்கித் தண்ணீர் தெளித்தது போல் இருந்ததாம். வராத ஆள் யார் என்று ஊர் யோசித்தது. பம்பாய்க்காரர்கள் கூட பம்பாயிலிருந்தே போய்வந்துவிட்டதாக டிரங்கால் மேல் டிரங்கால் வந்தது. செய்யது மைதீன் தம்மாமில் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருக்கும்போதே போய்வந்ததில் சூப்பர்வைசர் முறைத்தாராம். விட்டுப்போனவர் யாரும் இல்லை.

இரண்டரை மணிக்கு யேசுவடியாள் டீச்சர், கஞ்சிபோட்ட சேலையில், ஐந்நூறாவது பேராகப் போய்வந்தார். திரையில் ஐந்நூறு வரி. முத்துவிநாயகம் கைதட்டினான், கதவுக்கு வெளியே கூட்டமும் கைதட்டியது. ரோஸ்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாலு பேர் பார்க்கத் துடைத்தாள், அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சாதித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னாள்.

சண்முகவடிவு மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக்கூட விடாமல் உள்ளே வந்தாள்.

"ராஜமணிக்கும் ருக்மணிக்கும் நடுவுல யாருன்னு நெனச்சிய? இவதான். ஏட்டி மலரு, ஒம் பேரு எங்க?"

தன் டைரியில் தன் பேரை யார் எழுதுவார்கள்? தன் நம்பரைத் தானே யார் தேடுவார்கள்? ரோஸ்மலர் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. ஐந்நூறு பேரையும் நடக்க வைத்தவளை, பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒருத்தரும் அவளோடு பேசவென்று போனில் கூப்பிட்டதில்லை. அவளுக்கே இப்போதுதான் அது தெரிந்தது.

"அதுக்கென்ன, நேரா கீபோர்டுல அடிச்சிருதேன், ஒரு நிமிஷம்" என்றான் முத்துவிநாயகம்.

"அடிச்சா வெரல முறிப்பேன்" என்றார் லிங்கதுரை வாசலிலிருந்து. "எங்க எல்லாரையும் வயர் வழியா மரியாதையா அனுப்பிட்டு, அவள மட்டும் கொல்லப்பக்கமாக் கூட்டிட்டுப் போவியோ?"

வயர் வழியாகப் போக வேண்டுமென்றால் டைரியில் பேர் ஏற வேண்டும், டைரியில் இடம் இல்லை. கூட்டம் திரும்பி ஜெயசீலனைப் பார்த்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"தோட்ட வீட்ட எடுத்துருங்க. அங்க போனு எடுக்க ஆளே கெடையாது, தேங்கா விழுந்து வயரே அறுந்துபோச்சு" என்றார். பிறகு, நாலு பேர் பாராட்டினதும், "என்ன பெரிய விஷயம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ரோஸ்மலர் தன் பேரை ஒற்றை விரலால் குத்தினாள். எழுத்துகள் தெரிந்தும் தெரியாமலும் ஏறின. அடுத்து நம்பர். பூத்து நம்பரைப் போடப்போனாள், ஊரே கத்தியது. அது ஊர் நம்பர், எல்லோருக்கும் பொதுவான நம்பர், அவளுக்கென்று ஒரு நம்பர் வேண்டும். என் நம்பரைப் போடு, என் வீட்டுக்குப் பி.பி. போடு என்று நாலாபக்கமிருந்தும் கத்தினார்கள். போன் வைத்த அத்தனை பேரும் ஒருவருக்குப் பி.பி. கொடுக்கச் சண்டைபோட்டதை பனைவிளை அன்றைக்குத்தான் பார்த்தது. திரை மின்னி மின்னி அணையப் பார்த்தது.

"கண்டுபிடிச்சது நானு" என்றாள் சண்முகவடிவு. அதோடு சண்டை முடிந்தது. ரோஸ்மலர், பி.பி., சண்முகவடிவு வீடு.

பி.பி. என்றால் கையைப் பிடித்துக்கொண்டுதானே போக வேண்டும். சண்முகவடிவு ரோஸ்மலரின் கையைப் பிடித்தாள். நானும் இவ பி.பி.தானே என்று லிங்கதுரை சண்முகவடிவின் கையைப் பிடித்தார், இந்தத் தடவை ரிசீவர் இல்லாமல். அவர் கையை முத்து பாத்திமா பிடிக்க, அவள் கையை ஆறுமுகத்தாயி, அவள் கையை மெடிக்கல் ஸ்டோர்க்காரர், இசக்கி கையை ஜெயசீலன், ஜெயசீலன் கையை யேசுவடியாள் டீச்சர் என்று டி.டி.பி. சென்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கைகோத்து நின்றது பஜார். முத்துவிநாயகம் ஒரு கையைக் கொடுத்துவிட்டு மறு கையால் எண்டர் தட்டினான், ரோஸ்மலர் டைரியில் 'அனுப்பு' அமுக்கினாள். கடந்தவர்களை விட்டுவிட்டு, கடக்காத அந்த ஒரே பேரை டைரி தூக்கிக்கொண்டது.

மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கிய கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். டீக்கடையில் வடிகட்டி சொட்டிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் சக்கரம் தானாகச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது, தெருவில் ஒரு ஆளில்லை. ஒரு ஆடு கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஆட்டை விரட்டிவிட்டு, ஊர் வரட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்தார்.

உள்ளே பச்சை வெளிச்சத்தில், ராஜமணிக்கும் ருக்மணிக்கும் நடுவில், பெருக்கித் தண்ணீர் தெளித்த கட்டத்தில் ரோஸ்மலர் நின்றாள். முதலில் கீழேதான் பார்த்தாள். அவள் கட்டம் மற்றவர்கள் கட்டத்தின் அதே அளவு. சூம்பின காலுக்கென்று ஒரு அங்குலம் குறைத்திருக்கவில்லை, பாவம் என்று ஒரு அங்குலம் கூட்டிப்போட்டிருக்கவும் இல்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்தர் குறையாமல், அவள் ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஏற்றிய அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது என் ஊர், நான் சேர்த்த ஊர் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது டைரியின் திரை வெறும் சாம்பலாக இருந்தது. பேட்டரி செத்துவிட்டது. அதில் இனி இழக்க ஒரு பேரும் பாக்கியில்லை. ஊர் முழுக்க வலப்பக்கம் வகிடெடுத்திருந்தது. கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூத்தில் மணியடித்தது. "மலர் பூத், யாரு வேணும்?" என்றாள் ரோஸ்மலர்.

"மலரு, வடிவு பேசுதேன். ஒனக்குப் போன் வந்திருக்கு."

"யாருக்கு?"

"ஒனக்குட்டி. தம்மாம்லருந்து செய்யது. ரோஸ்மலர் அக்காவக் கூப்பிடுங்க, மறுபடி பண்ணுதேன்னு வச்சிட்டான். அவன் பொண்டாட்டி எங்க வீட்டு நம்பரக் குடுத்திருக்கா."

"பூத்துக்கே பண்ணச் சொல்ல வேண்டியதானே?"

"பூத்துக்குப் பண்ணுனா நீ அடுத்தாளுக்காகல்லா எடுப்ப. வாறியா, இல்லன்னு சொல்லிறட்டா?"

ரோஸ்மலர் மேஜைமேல் சீப்பைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னாள். "அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணச் சொல்லு. வாறேன்."

தலைவாரினாள். பவுடர் போட்டாள். காலையில் உடுத்திய சேலை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் பின்னாலிருந்த சிறு அறைக்குள் போய் மாற்றினாள். பூத்தைப் பூட்டி, மூன்று சக்கர வண்டியில் ஏறி, ஓரமாகப் போகாமல் பஜாரின் நட்டநடுவில் விட்டாள். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடிக்காமல் அவளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தது.

"எங்க கெளம்பிட்டிய?" என்றார் பழக்கடை ஆபிரகாம், தெரிந்துகொண்டே.

"போன் வந்திருக்காம்" என்றாள் ரோஸ்மலர், சலித்துக்கொள்வது போல.

மெடிக்கல் ஸ்டோர்க்காரர் கேட்டார், அவருக்கும் சொன்னாள். ஜெயசீலன் கேட்டார், இசக்கி கேட்டான், யேசுவடியாள் டீச்சர் கேட்டார். ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் நின்று நின்று சொன்னாள். சைக்கிள் கடை வாசலில் லிங்கதுரை எழுந்து நின்றார். தெருவின் கால்மாட்டில், காம்பவுண்ட் சுவர்மேல், புளிபோட்டு விளக்கின எவர்சில்வர் செம்பு அவளுக்காகக் கவிழ்ந்திருந்தது. ஐந்து நிமிஷம் ஆகி, ஜன்னலுக்குள் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. ரோஸ்மலர் அவசரப்படவில்லை.